பெயரை மட்டும் தலைப்பாக வைத்த மடல்

இதைத் திறந்து வாசிக்க மனம் கொண்ட ஐயா அவர்களுக்கும் அம்மா அவர்களுக்கும் என் பணிவான வணக்கம். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். நூலகத்து நாற்காலியில் அமர்ந்து தமிழ் பழகியவன். ஆகவே என் நடை கஞ்சி போட்ட வேட்டியைப் போலச் சற்று விறைப்பாக நிற்கக்கூடும். பொறுத்தருள வேண்டுகிறேன்.

முந்தாநாள் பூதலூர் இரயிலடிக்குப் போகும் வழியில், முச்சந்தியில் இருவர் கண்ணீர் அஞ்சலி பேனர் ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அச்சு ஈரம் காயாத பேனருக்கென்று ஒரு வாடை உண்டு. மண்ணெண்ணெயும் புதுச் செருப்பும் கலந்தாற்போல இருக்கும். பேனரில் சிரித்துக்கொண்டிருந்தவரை நான் அறியேன். அந்த வாடையை அறிவேன். என் கால்கள் அங்கேயே நின்றுவிட்டன.

அது தமிழரசியின் கடை வாடை. முன்புறம் ஜெராக்ஸ், பக்கவாட்டில் பேனர் அச்சடிக்கும் இயந்திரம், பின்புறம் தடுப்புப் பலகைகளுக்கு நடுவே சில கணினிகள். பொதுப்பணித் துறையில் வாய்க்கால் லஸ்கராக இருந்து நான் ஓய்வு பெற்ற புதிது. லஸ்கர் என்பவன் மதகைத் திறந்து மூடி, வயல்களுக்கு முறை வைத்துத் தண்ணீர் விடுகிறவன். ஓய்வூதியக் காகிதம் ஒன்றைப் படி எடுக்கப் போன என்னிடம் அந்த அம்மாள் சொன்னார்: "இவ்ளோ விஷயம் பேசுறீங்களே சார், ஒரு வலைப்பூ தொடங்குங்களேன்." அதில் என்ன காய்க்கும் என்று கேட்டேன். அவர் நெடுநேரம் சிரித்தார்.

தொடங்கினேன். எந்த மதகு என்று திறந்தது, எந்தக் கிளை வாய்க்காலில் காட்டாமணக்கு மண்டிக் கிடக்கிறது என்றெல்லாம் எழுதினேன். பார்வையாளர் எண்ணிக்கை நாள்தோறும் ஏறியது. என்னுடைய வருகைகளையும் அது சேர்த்தே எண்ணுகிறது என்பதைப் பின்னரே அறிந்தேன். அதற்குள் என்னை நானே பலமுறை வாசித்துப் பெருமைப்பட்டு முடித்திருந்தேன்.

"வாசகர் தானா வரமாட்டாங்க சார். மெயில் ஐடி வாங்குங்க. எழுதுறப்பல்லாம் அவங்க பெட்டியிலேயே போய் விழணும்" என்றார் தமிழரசி. எங்கே போய் வாங்குவது? எனக்குக் கையெழுத்து அழகாக இருக்கும் என்று கல்யாணங்களில் மொய் எழுத என்னை அமர்த்துவார்கள். மொய்யோடு மின்னஞ்சல் முகவரியும் கேட்கத் தொடங்கினேன். "இதுக்குத் திருப்பி நீங்க என்ன செய்வீங்க?" என்று ஒருவர் கேட்டார். மடல் அனுப்புவேன் என்றேன். "அதுல பாயசம் உண்டா?" என்றார். பந்தலே சிரித்தது. எனினும் வெளிநாட்டிலிருந்து வந்திருந்த பிள்ளைகள் முகவரி தந்தார்கள். தந்தார்களே ஒழிய மடலைத் திறக்கவில்லை. யார் திறந்தார், யார் திறக்கவில்லை என்பதை மடல் அனுப்பத் தமிழரசி அமைத்துத் தந்த இணையச் சேவை நமக்குக் காட்டிவிடும். அது காட்டாமலே இருந்திருக்கலாம்.

அந்த ஐப்பசியில் மாரியாயி இறந்தார். எங்கள் பக்கத்தில் நடவு ஆட்களைத் திரட்டி முன்னே நடந்து போனவர் அவர்தான். அவரைப் பற்றி ஒரு பக்கம் எழுதி, வேறு எதுவும் தோன்றாமல் 'மாரியாயி' என்று பெயரை மட்டும் தலைப்பாக இட்டு அனுப்பினேன். ஒரு டீ குடித்துவிட்டுக் கடைக்குத் திரும்பி வருவதற்குள் சிங்கப்பூரிலும் குவைத்திலும் திறந்துவிட்டார்கள். பின்னூட்டங்கள் குவிந்தன. புதிய முகவரிகள் தாமாகவே வந்து சேர்ந்தன.

அடுத்து மளிகைக்கடைக்காரர், அவருக்கு அடுத்து தபால்காரர். ஒவ்வொரு சாவுக்கும் வாசகர் பெருகினர். இடையில் தண்ணீரைப் பற்றி எழுதினால் ஒருவரும் திறப்பதில்லை. தமிழரசி திரையைப் பார்த்தபடி தாழ்ந்த குரலில், "சாவுதான் சார் ஓடுது" என்றார். அப்படிச் சொல்லலாகாது என்றேன். ஆனாலும் அன்று வீடு திரும்பும்போது சற்றே வேகமாகத்தான் மிதிவண்டியை மிதித்தேன்.

ஊர் இதைக் கவனித்துவிட்டது. என் மிதிவண்டி ஒரு வாசலில் நின்றால் எதிர்வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்ப்பார்கள். ஒரு கிழவரைப் படம் எடுக்கப் போனேன். "வேண்டாம் தம்பி, இன்னும் கொஞ்ச நாள் இருந்துட்டுப் போறேன்" என்று துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். மஸ்கட்டிலிருந்து ஒருவர், "அம்மாவுக்கு ரொம்ப முடியவில்லை. இப்போதே எழுதி வைத்துக்கொண்டால் நல்லது" என்று மடல் அனுப்பினார். நானும் எழுதி வைத்தேன். பிறகு கேட்காதவர்களுக்கும் எழுதி வைத்தேன். கடைத்தெருவில் எதிரே வந்து என்னை நலம் விசாரித்தவர்கள் சிலர், என் கைபேசியின் வரைவுப் பகுதியில் இறந்த காலத்தில் இருந்தார்கள்.

அவர்களில் ஒருவர் கலியமூர்த்தி. பணிக்காலம் முழுவதும் தண்ணீர் முறைக்காக என்னோடு சண்டையிட்டவர். நான் ஓய்வு பெற்ற மறுநாளே நண்பராகிவிட்டார். மனைவி இல்லை. ஒரே மகன் செந்தில். தான் விரும்பிய பெண்ணை அவன் மணந்தபோது இவர் கல்யாணத்திற்குப் போகவில்லை. அவன் மனைவியோடு துபாய் போனான். கைபேசி எண்ணை மாற்றிக்கொண்டான். உறவினர் ஒருவரிடமும் பேச்சில்லை. ஆனால் என் மடல்களுக்கு மட்டும் தன் முகவரியைத் தந்து சேர்ந்திருந்தான். இதைக் கலியமூர்த்தியிடம் சொன்ன நாளில் அவர் இரண்டு டீ குடித்தார்.

ஒரு மழைக்காலத்தில் அவருக்கு நெஞ்சில் நீர் கோத்தது. வீட்டுக்கு அழைத்துப் போகலாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அப்படிச் சொன்னால் என்ன பொருள் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர் என்னைக் கண்டதும் கேட்டார்.

"என்னைப் பத்தி எழுதி வச்சிட்டியா லஸ்கரு?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல."

"மளிகைக்கடைக்காரனுக்கெல்லாம் எழுதினே. நான் அவ்ளோ மட்டமா போயிட்டேனா? படிய்யா."

படித்தேன். 'தண்ணீருக்காகச் சண்டையிட்டார், தண்ணீரை ஒருபோதும் திருடியதில்லை' என்ற வரியில் அவருக்குச் சிரிப்பும் இருமலும் சேர்ந்து வந்தன.

"அது பொய்யி. நீ அசந்த நேரத்துல மடைய வெட்டியிருக்கேன். உனக்கே தெரியாது." மூச்சு வாங்கிக்கொண்டு, "மத்தபடி நல்லாத்தான் இருக்கு. அனுப்பிடு" என்றார்.

எனக்கு விளங்கவில்லை.

"நான் இருக்கறப்பவே அனுப்பு. செத்துட்டேன்னா வருவான். வந்ததும் பாத்துக்கறேன்."

"உசுரோட இருக்கிறவன செத்துட்டான்னு எழுதச் சொல்றியா?"

"ஊருல பாதிப் பேருக்கு அப்படித்தானேய்யா எழுதி வச்சிருக்கே. தேதிதானே போடல?"

பொய் எழுத மாட்டேன் என்று உறுதியாக மறுத்தேன். மாறாக, உண்மையையே எழுதினேன்: கலியமூர்த்தி உயிரோடிருக்கிறார், வாசலில் அமர்ந்து மகனைக் கேட்டுக்கொண்டிருக்கிறார், கோபம் எதுவும் மிச்சமில்லை, காலம் குறைவு என்று. அனுப்பும் முன் தமிழரசி கேட்டார்: "தலைப்பு பேரு மட்டும் போதுமா சார்?" போதும் என்றேன். பெயரைப் பார்த்தால்தான் உடனே திறப்பார்கள் என்பது அத்தனை நாள் அனுபவத்தில் நான் கற்ற ஒரே வித்தை.

எல்லோரும் திறந்தார்கள். பதறிவிட்டோம் என்று சிலர் என்னைத் திட்டினார்கள். செந்தில் ஒருவன்தான் திறக்கவில்லை. அதே முகவரிக்குத் தனியே எழுதிய மடலுக்கும் பதில் இல்லை.

"தொறந்தானா?" என்று கலியமூர்த்தி நாள்தோறும் கேட்பார். "இன்னும் இல்ல." மார்கழி போயிற்று. கேள்வி சுருங்கி வெறும் தலையசைப்பாகி, பின்னர் என் மிதிவண்டிச் சத்தத்துக்குக் கண்ணைத் திறந்து பார்ப்பதாக ஆயிற்று. சம்பா அறுவடை முடிந்த தை மாதக் கடைசியில் அவர் போய்விட்டார். பங்காளி வீட்டுப் பையன் கொள்ளி வைத்தான். வரைவில் இருந்ததை, தண்ணீரைத் திருடியதில்லை என்ற வாக்கியத்தை மட்டும் நீக்கிவிட்டு, அதே பெயரில் அனுப்பினேன். அதையும் செந்தில் திறக்கவில்லை.

குறுவை நடவு நடந்துகொண்டிருந்தபோது அவன் என் வீட்டு வாசலில் வந்து நின்றான். காபி கொடுக்கச் சொன்னேன்.

"படையலுக்கு நாள் பாக்கணும் மாமா. அப்பா கார்த்திகையில எந்தத் திதியில போனாரு?"

"கார்த்திகையா? தை கடைசியிலப்பா."

"இல்லையே. கார்த்திகையிலயே உங்க மெயில் வந்துச்சே, அப்பா பேரு போட்டு."

அவனே மேலும் சொன்னான். "பேரப் பாத்ததும் தெரிஞ்சிபோச்சி. தொறக்க பயம் மாமா. தொறந்தா நெசமாயிடும்னு தோணிச்சி. யாருக்காவது போன் பண்ணினா, ஏன் வரலன்னுதான் கேப்பாங்க. உங்க மெயில் எதையும் தொறக்கல. கடற்கரைக்குப் போயி மொட்டை போட்டு, முங்கி எழுந்து, எள்ளுந்தண்ணியும் எறைச்சேன். பெறகு ரெண்டு வந்துச்சி, கருமாதிக்கும் மூணாம் மாசப் படையலுக்கும்னு நெனச்சேன்."

முதல் மடலை இப்போது திறந்து பார் என்றேன். நின்றபடியே படித்தான். மறுபடியும் மேலேயிருந்து படித்தான்.

"நான் எள்ளு எறைக்கறப்ப இருந்தாரா மாமா?"

"இருந்தார்."

"என்ன பண்ணிக்கிட்டிருந்தாரு?"

"வாசல்ல ஒக்காந்திருந்தார்."

காபியைத் தொடாமல் போய்விட்டான்.

அதன்பின் நான் சாவு எழுதவில்லை. வரைவில் இருந்தவர்களையெல்லாம் அழித்தேன். அவர்களில் பலர் இன்றும் நலமாக இருக்கிறார்கள். வாசகர்கள் ஒவ்வொருவராக விலகினர். துக்கச் செய்தி இப்போது பிணத்தைக் குளிப்பாட்டும் முன்பே வாட்ஸப்பில் படத்தோடு வந்துவிடுகிறது. பின்னூட்டமிட்டவர்கள் இல்லை, வலைப்பூக்களைத் திரட்டிக் காட்டிய தளங்கள் இல்லை, தமிழரசியும் கடையை மூடிவிட்டுத் திருச்சிக்குப் போய்விட்டார்.

எவரும் எதையும் திறக்காத அந்தக் கடைசி நாள்களிலும் கலியமூர்த்தியின் பெயரில் போன முதல் மடல் மட்டும் அவ்வப்போது திறக்கப்பட்டதாகச் சேவை எனக்குக் காட்டிக்கொண்டிருந்தது. ஒரே முகவரி, துபாயிலிருந்து. நான் அதைப் பார்ப்பதற்காகவே கணினியின் முன் அமர்ந்தேன். பின்னர் அந்தச் சேவையையும் நிறுத்திவிட்டார்கள். அவன் இன்னும் திறக்கிறானா என்பதை அறிய இப்போது எனக்கு வழியில்லை.

ஐயா, அம்மா, வலைப்பூவும் நெடுநாள் நிற்காது என்கிறார்கள். இந்தப் பதிவை மட்டும் தங்கள் கணினியில் ஒரு படி எடுத்து வைத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.