அக்கா எழுதிக் கொடுத்த பட்டியல்

பருத்தித்துறைக் கடற்கரையில் ஒரு கடற்றொழிலாளியின் மூத்த மகளாகப் பிறந்தவர் எங்கள் அக்கா. அப்பாவைக் கடல் கொண்டபின், தன் கலியாணப் பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் படிப்பித்தார். நெல்லியடிப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் தொழில் வழிகாட்டல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றார். வழக்கமாக நினைவு மலர்களில் இந்த இடத்தில் "பண்பின் சிகரம்" என்று எழுதுவார்கள். சீ! அந்தச் சொற்களைப் பார்த்தாலே எனக்குக் குமட்டுகிறது.

செத்தவீட்டில் ஒலிவாங்கியைப் பிடித்துக் கண்ணீர் வடித்த உறவினர்கள்தான், அவர் உயிரோடு இருந்தபோது "உவா பிள்ளையளைக் கீழை இழுக்கிறா" என்று சந்திக்குச் சந்தி கதைத்தவர்கள். டொக்டர், எஞ்சினியர் இரண்டையும் விட்டால் எங்கள் சனத்துக்கு வேறு வேலை கண்ணில் படாது. கடற்றொழில் விஞ்ஞானமும் நல்ல பல்கலைக்கழகப் படிப்புத்தான் என்று அக்கா சொன்னபோது, "மீன் பிடிக்கிறதுக்கும் கம்பஸோ?" என்று விழுந்து விழுந்து சிரித்தார்கள். மீன் விற்ற காசில் சோறு தின்று வளர்ந்தவர்கள்! நானும் சேர்ந்துதான் சிரித்தேன்.

என் மகள் மூன்றாம் முறையும் உயர்தரப் பரீட்சை எழுதினாள். அதற்கு மேல் எழுத முடியாது. மருத்துவத்துக்குப் புள்ளி போதவில்லை. அக்கா அவளைப் பக்கத்தில் இருத்தி, "உனக்கு எது பிடிக்கும், சொல்லு பாப்பம்" என்று கேட்டுக் கேட்டு, பல்கலைக்கழக விண்ணப்பத்துக்காகப் பன்னிரண்டு பாடநெறிகளை அவள் விரும்பிய வரிசையில், அவற்றின் இலக்கங்களோடு எழுதிக் கொடுத்தார். கடற்றொழில் விஞ்ஞானம்தான் முதலாவது.

கணினியில் பதிவதற்கு அந்தத் தாளைக் கடைக்குக் கொண்டுபோனவன் நான். "திரும்பவும் மீனோ?" என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தாளைச் சட்டைப்பைக்குள் மடித்து வைத்துவிட்டு, மருத்துவத்தையும் பல் மருத்துவத்தையும் மட்டும் பதியச் சொன்னேன். "அண்ணை, இன்னும் கனக்கப் போடலாமே?" என்றார் கடைக்காரர். "நான் சொன்னதைப் போடும்" என்றேன். மகள் என்னை நம்பி, அச்செடுத்த விண்ணப்பத்தைப் புரட்டிப் பாராமலே கையொப்பமிட்டாள்.

ஒன்றும் கிடைக்கவில்லை.

"ஏனப்பா?" என்று அழுதவளிடம், "மாமி தந்த இலக்கங்கள் பிழையாம்" என்றேன். வாய் கூசவில்லை. அன்றோடு அவள் அக்காவோடு கதைப்பதை விட்டாள். உறவினர்கள் அந்தப் பொய்யை ஊரெல்லாம் பரப்பினார்கள். ஆலோசனை கேட்டு அக்காவின் வீட்டுக்குப் பிள்ளைகள் வருவதும் நின்றுபோயிற்று.

அக்கா என்னை நேரே கேட்டார். ஒப்புக்கொண்டேன். பிறகு, "பிள்ளைக்குச் சொல்லிப்போடாதை தம்பி. தேப்பனோடையும் கதைக்காமல் விட்டாளெண்டால் அவள் ஆரிட்டைப் போவாள்?" என்றார். கோழையாகிய எனக்கு அது வசதியாகப் போயிற்று. என்னை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் கடைசி நாட்களில், ஆர் உள்ளே வந்தாலும் "அவள் வந்தவளோ?" என்று கேட்பார். "நாளைக்கு வருவாள் அக்கா" என்று அங்கேயும் பொய்தான் சொன்னேன்.

அக்காவைப் பராமரித்த தாதியருக்கும், செத்தவீட்டுக்குப் பந்தல் போட்டுத் தந்த அயலவருக்கும், கீரிமலையில் அந்தியேட்டிக் கிரியைகளை நடத்தித் தந்த குருக்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

மகளே, இந்த மலர் உன் கைக்கும் வரும். மாமி எழுதியதில் ஓர் இலக்கமும் பிழையில்லை. அந்தப் பட்டியலைப் பதியாமல் விட்டவன் நான். நீ கதைக்காமல் விட்டிருக்க வேண்டியது என்னோடு.