எஹலியகொடையில் பாலைவனம் விற்றேன்

சென்ட் விற்பது சுலபம் என்று நினைப்பவர்கள் ஒரு நாள் என் கவுண்டரில் வந்து நிற்கட்டும். முழங்கை வரை அடித்துப் பார்த்துவிட்டு, "சும்மா பாக்கத்தான் வந்தேன்" என்று நடையைக் கட்டுகிறவர்கள்தான் எனக்குப் பாதி வாடிக்கை. புடவைக்கடையில் விரித்து விரித்துக் கை ஓய்ந்தவர்களுக்கு என் பாடு புரியும்.

எஹலியகொட பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஃபேன்சி கடை. முதலாளி சிங்களவர், என்னை 'நங்கி', அதாவது தங்கச்சி, என்பார். கொழும்புக்குப் போனவர் இரண்டு பெட்டி நிறைய ஊத் சென்ட் போத்தல்களோடு திரும்பினார். அகில் கட்டை வாசம், பெட்டி மேல் ஒட்டகம், மணல்மேடு. தீபாவளிக்குள் விற்காவிட்டால் என் கவுண்டரை எடுத்துவிட்டு ஃபோன் கவர் தொங்கவிடுவாராம். இந்த வேலை போனால் அம்மாவோடு ரப்பர் மலையில் பால்வாளி தூக்க வேண்டியதுதான்.

முதல் மூக்கு

முதலில் மாட்டியவர் எங்கள் தோட்டத்துச் செல்லம்மா அக்கா. ரப்பர் ஷீட்டைப் புகை போட்டுக் காயவைக்கிற அறையில் வேலை. மணிக்கட்டில் ஒரு சொட்டு வைத்து, "அரபு நாட்டு ராணிங்க பூசுறதுக்கா" என்று அளந்துவிட்டேன். முகர்ந்தார். இன்னொரு தடவை முகர்ந்தார்.

"ஏம்மா, தெனமும் சாயங்காலம் நான் இப்பிடித்தானே மணக்குறேன்? என் வீட்டுக்காரரு கிட்டயே வராதேங்குறாரு. இதையா ஒட்டகம் போட்டு விக்கிறீங்க?"

மழைக்கு ஒதுங்கியவர்

எங்கள் பக்கத்தில் பெய்தால் விடாது. ரப்பர் பால் வெட்டுகிற அண்ணன் ஒருவர் சொட்டச் சொட்ட உள்ளே வந்தார். மழை நாளில் மரத்தில் பால் வெட்ட முடியாது. வெட்டாவிட்டால் அன்றைக்கு வேலைப் பதிவில் பேர் விழாது, நாட்சம்பளம் இல்லை. மனுஷர் ஏற்கெனவே நொந்துபோயிருந்தார். ஆனாலும் என் வயிற்றுப்பாடு எனக்கு. பாலைவனத்தில் வருஷக்கணக்கில் மழையே இருக்காது என்று வர்ணித்தேன். பெட்டியை வாங்கி அந்த மணலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப அங்க தெனமும் பேரு விழுமே! சென்ட் வேணாம் தங்கச்சி, அந்த ஊருக்குப் போற வழியச் சொல்லுங்க."

குவைத் அக்கா

தீபாவளிக்கு ஒரு வாரம். இரண்டு பெட்டியும் அப்படியே இருந்தன. அப்போதுதான் புஷ்பம் அக்கா வந்தார். குவைத்தில் ஆறு வருஷம் வீட்டு வேலை பார்த்துத் திரும்பியவர். முகர்ந்ததும் கண்ணை மூடிக்கொண்டார். அழப்போகிறார் என்று பயந்தேன், சிரித்துவிட்டார்.

அங்கே விருந்து முடிந்ததும் விருந்து கொடுத்தவர் ஊத் புகையைக் கொண்டுவந்து எல்லாருக்கும் காட்டுவாராம். அதற்கப்புறம் யாரும் உட்கார்ந்திருக்கக் கூடாது, எழுந்து போய்விட வேண்டும், அதுதான் மரியாதை. "இந்த வாசம் வந்தாத்தான் ஆளுங்க கெளம்புவாங்க, நான் பாத்திரத்தக் கழுவிட்டுப் படுப்பேன்" என்றபோது குரல் கொஞ்சம் இறங்கிப்போனது. உடனே நிமிர்ந்தார்.

"தீபாவளிக்கு வர்ற சொந்தக்காரங்க மூணு நாளைக்கு எங்க ஒத்தை அறைக் காம்பராவ விட்டு எந்திரிக்க மாட்டாங்க. ஒண்ணு கட்டிக் குடு."

லயத்துக்கு எட்டியது

இரண்டே நாளில் செய்தி தோட்டத்து வீட்டு வரிசைகளில் லயம் லயமாகப் போய்விட்டது. குருவிட்டவிலிருந்துகூட பஸ் ஏறி வந்து, "விருந்தாளிய எழுப்புற சென்ட் இருக்குங்களா?" என்று கேட்டார்கள். இரண்டாவது பெட்டியையும் உடைத்த அன்று வரிசையில் செல்லம்மா அக்கா! நான் வாயைத் திறக்குமுன் அவரே முந்திக்கொண்டார்.

"சிரிக்காதம்மா. என் வாசத்துக்கு வீட்டுக்காரரு மட்டுந்தான் தள்ளிப் போறாரு. நாத்தனாருக்கு ஒட்டகம் போட்டதுதான் வேணும்போல."

கவுண்டர் தப்பியது

தீபாவளிக்கு முந்தின நாள், கவுண்டர் இருக்கட்டும் என்று முதலாளி சொன்னார். நின்ற இடத்திலேயே குதிக்கலாம் போலிருந்தது. அந்தச் சந்தோஷத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, புஷ்பம் அக்கா சொன்ன குவைத் கதையை ஒன்றுவிடாமல் சொன்னேன். அதோடு நிறுத்தாமல், மூன்று நாள் லீவு, சம்பள உயர்வு, மேலே ஓடுகிற ஃபேன் எல்லாம் வேண்டும் என்று நீட்டிக்கொண்டே போனேன். பொறுமையாகக் கேட்டவர், முகர்ந்து பார்க்க வைத்திருந்த போத்தலை எடுத்து என் தலைக்கு மேலே இரண்டு தடவை அடித்தார்.

"ஹரி, சரி நங்கி, இப்ப வீட்டுக்குப் போங்க."

சரக்கின் அருமையை ஊர் முழுக்கச் சொல்லலாம், முதலாளி காதில் மட்டும் போடக் கூடாது.