மயில் சுவரில் கரி எழுத்து

எண்பத்து மூன்றோ எண்பத்து நான்கோ, வருடம் சரியாக நினைவில்லை. சேலத்தில் ஒரு பெண்கள் கல்லூரியில் நான் பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த காலம். சொந்த ஊர் மோகனூர் பக்கம். சேலத்தில் விடுதியில் தங்கியிருந்தேன். வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்த அண்ணன் திரும்பிப் போகும்போது தன் கேமராவை என்னிடமே விட்டுவிட்டுப் போனார். அதுதான் ஆரம்பம். ஞாயிற்றுக்கிழமை வந்தால் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன்.

பூக்களையும் குழந்தைகளையும் எடுக்க எனக்கு ஆசை இல்லை. பாழடைந்த கட்டடங்கள், காரை பெயர்ந்த தூண்கள், சுவர்களில் வரைந்த சோப்பு விளம்பரம், தேர்தல் முடிந்தும் அழிக்காத சின்னங்கள், இவைதான் என்னை இழுத்தன. ஊர் அப்போது வேகமாக மாறிக்கொண்டிருந்தது. போன மாதம் பார்த்த ஓட்டுவீடு இந்த மாதம் இருக்காது. இடிவதற்கு முன்னால் எடுத்துவிட வேண்டும் என்று ஒரு பரபரப்பு. "இடிஞ்ச ஊட்டைப் போயி எதுக்குங்க டீச்சர் போட்டோ புடிக்கறீங்க?" என்று தெருவில் கேட்பார்கள். சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவேன்.

செவ்வாய்ப்பேட்டையை ஒட்டிய ஒரு தெருவில் சாலையை அகலப்படுத்துவதற்காக ஒரு வரிசை வீடுகளை இடித்திருந்தார்கள். பல வீடுகள் முழுதாகப் போயிருந்தன. ஒரே ஒரு வீட்டில் மட்டும் முன்பாதி போய், கூடத்தின் உள்சுவர் தெருவைப் பார்த்து நின்றது. அதில் இரண்டு மயில்கள். பழைய காலத்து வழவழப்பான சுண்ணாம்புப் பூச்சின் மேல் நீலமும் பச்சையுமாக யாரோ ஆசையாக வரைந்தவை. வீட்டுக்குள் இருந்தவர்கள் மட்டும் பார்த்துவந்த ஓவியம், திடீரென்று தெருவுக்கு வந்துவிட்டது. எனக்குக் கால் நகரவில்லை.

ஒரே ஒரு குறை. மயில்களின் குறுக்கே கரித்துண்டால் யாரோ நாலு வரி பெரிதாக எழுதியிருந்தார்கள். எனக்கு ஆத்திரமாக வந்தது. இவ்வளவு அழகான ஓவியத்தின் மேல் கிறுக்க எப்படி மனசு வந்தது? 'தம்பி' என்ற முதல் சொல் கண்ணில் பட்டது. மேலே வாசிக்கவில்லை. யாரோ யாரையோ திட்டி எழுதியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

எதிரே அந்த வாரம்தான் ஒரு டீக்கடை போட்டிருந்தார்கள். கடைக்காரருக்கு நாற்பது வயது இருக்கும். அவரிடம் ஒரு சொம்பு தண்ணீர் கேட்டேன். கைக்குட்டையை நனைத்து, வண்ணம் உரிந்துவிடாமல் மெதுவாக, அரைமணி நேரம் துடைத்தேன். கரி முழுவதும் போய்விட்டது. மயில்கள் பளிச்சென்று நின்றன. வலதுபக்கத்து மயிலுக்குக் கண் இல்லை. ஆணியால் சுரண்டினாற்போல அங்கே ஒரு குழி. அதுவும் ஒரு அழகாகத்தான் பட்டது. ஆறேழு படம் எடுத்தேன். அந்த வருடம் கல்லூரிக் கண்காட்சியில் அந்தப் படத்துக்கு முன்னால்தான் கூட்டம். எனக்குத் தலைகால் புரியவில்லை.

"கறுப்பு வெள்ளையிலேயே இப்படி இருக்குதே, கலர்ல எடுத்தா எப்படி இருக்கும்!" என்றார் கூட வேலை பார்த்த தோழி. அந்த ஆசையில் ஒரு கலர் ரோல் வாங்கிப் போட்டுக்கொண்டு மூன்று மாதம் கழித்து மறுபடியும் போனேன்.

போய்ப் பார்த்தால் மயில்களின் மேல் மறுபடியும் கரி எழுத்து! இந்தத் தடவை இன்னும் பெரிதாக, இன்னும் அழுத்தி எழுதியிருந்தது. அதே கைதான். எனக்கு வந்த கோபத்தில் தண்ணீர்கூடக் கேட்கவில்லை. முந்தானையாலேயே துடைக்கக் கையைக் கொண்டுபோனேன்.

"ஐயோ டீச்சர், தொடாதீங்க!"

டீக்கடைக்காரர் கையில் வடிகட்டியோடு தெருவைத் தாண்டி ஓடிவந்தார். எனக்கும் சுவருக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டார். மூச்சு வாங்கியது.

"முதல்ல அதைப் படிச்சுப் பாருங்க" என்றார்.

படித்தேன்.

"தம்பி, ஊட்டை இடிச்சுட்டாங்க. நாங்க எருமப்பட்டி மாரியம்மன் கோயிலுக்குப் பின்னாடி குடி போயிட்டோம். வந்துரு சாமி. அக்கா."

அவ்வளவுதான். கையில் பிடித்திருந்த முந்தானையைக் கீழே விட்டேன்.

கடைக்காரர் சொல்லச் சொல்லத்தான் எல்லாம் தெரிந்தது. பத்து நாளைக்கு முன்னால் ஒரு அம்மா வந்திருக்கிறார். வெறும் சுவரைப் பார்த்ததும் அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டாராம். கடைக்காரர் தண்ணீர் கொடுத்து விசாரித்திருக்கிறார். கோபித்துக்கொண்டு போன தம்பி எங்கே இருக்கிறான் என்று பதினொரு வருடமாகத் தெரியவில்லை. அக்கம்பக்கத்து வீடுகளும் போய்விட்டன, திரும்பி வந்தால் வழி சொல்ல ஆள் இல்லை. அதனால்தான் வீட்டை இடித்த அன்று, மிஞ்சி நின்ற சுவரில் அடுப்புக்கரியால் எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார். அது அழிந்துபோனதைப் பார்த்துத்தான் பத்து நாளைக்கு முன்னால் மறுபடியும் எழுதியிருக்கிறார்.

"யார் அழிச்சாங்கன்னு கேட்டுச்சுங்க. மழையில போயிருக்கும்னு சொல்லிட்டேன். உங்களை மட்டும் எப்படிங்க குத்தம் சொல்றது? தண்ணி மோந்து குடுத்தது நானாச்சே. நானும் அப்ப அதைப் படிச்சுப் பாக்கலைங்க."

சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தார். இன்னும் ஏதோ இருக்கிறது என்று தெரிந்தது. கேட்டேன்.

"அதுக்கு முன்னாடி ஒருத்தர் வந்தாருங்க. நீங்க அழிச்சுட்டுப் போயி ஒரு மாசம் இருக்கும். கையில ஒரு ரெக்சின் பை. சுவரையே பாத்துட்டு ரொம்ப நேரம் நின்னாரு. இந்த ஊட்டுக்காரங்க எங்க போயிட்டாங்கன்னு கேட்டாரு. நான் கடை போட்டே ஒரு மாசந்தானுங்க, தெரியலைன்னுட்டேன். ஒரு டீ குடிச்சுட்டுப் போயிட்டாரு. இதை அந்த அக்காகிட்டச் சொல்ல எனக்கு வாய் வரலைங்க. நீங்களும் சொல்லிராதீங்க. சொன்னாத் தாங்காது."

அன்று படம் எடுக்கவில்லை. அந்த வாரம் முழுவதும் வகுப்பில் நின்றாலும் சாப்பிட உட்கார்ந்தாலும் அந்த மனிதர் பையோடு வெறும் சுவரின் முன்னால் நிற்பதுதான் தெரிந்தது. சொல்லாமல் விட்டுவிடலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. கடைக்காரரே அதைத்தான் சொன்னார். ஆனால் முடியவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே நாமக்கல்லுக்குப் பஸ் ஏறி, அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்து எருமப்பட்டியில் இறங்கினேன்.

கோயிலுக்குப் பின்னால் வீட்டைக் கண்டுபிடிக்கச் சிரமம் இருக்கவில்லை. வாசலில் சாக்கை விரித்து அந்த அம்மா நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தார். ஐம்பதை நெருங்கியிருப்பார். "வாங்க அம்மிணி, யாருங்க நீங்க?" என்றார். சேலத்திலிருந்து வருவதாகவும் மயில் சுவரைப் பற்றிப் பேச வேண்டும் என்றும் சொன்னேன். கையில் இருந்த கடலையைப் போட்டுவிட்டு எழுந்தேவிட்டார்.

"என்ற தம்பி அனுப்பிச்சானா?"

அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு நான் மற்றதைச் சொல்ல வேண்டியிருந்தது. அழித்தது நான்தான் என்றேன். படம் நன்றாக வர வேண்டும் என்பதற்காக, வாசித்துக்கூடப் பார்க்காமல் அழித்தேன் என்றேன். அப்புறம் அந்த ரெக்சின் பைக்காரர் வந்துபோனதையும் சொல்லிவிட்டேன். திட்டுவார், அடித்தால்கூடப் பட்டுக்கொள்ளலாம் என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

 அவர் என் பக்கத்தில் வந்து கேட்டார்.

"ஆளு எப்படி இருந்தானாமா? இளைச்சிருந்தானா?"

 நான் பார்க்கவில்லையே. "கடைக்காரரைத்தாங்க கேக்கோணும்" என்றேன். "இருங்க, வாரேன்" என்று உள்ளே போய், வேறு சேலை மாற்றிக்கொண்டு, வீட்டுக்காரரிடம் ஏதோ சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு அவராகவே பேசினார். அப்பா அம்மா சீக்கிரம் போய்விட்டதால் தம்பியை வளர்த்தது அவர்தான். தம்பி ஒரு பெண்ணை விரும்பினான். இவர் ஒத்துக்கொள்ளவில்லை. வார்த்தை முற்றி, "இனி இந்த ஊட்டு வாசப்படி மிதிக்காதே" என்று சொல்லிவிட்டார். அன்று போனவன்தான்.

"வாசப்படி மிதிக்காதேன்னு சொன்னேன் அம்மிணி. இப்ப வாசப்படியே இல்லை. இனியாச்சும் வரலாமில்ல?"

நான் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டேன்.

எங்கள் இரண்டு பேரையும் சேர்த்துப் பார்த்ததும் கடைக்காரர் முகம் மாறிவிட்டது. ஆனால் அந்த அம்மா எதையும் பெரிதுபடுத்தவில்லை. ஒன்றைத்தான் கேட்டார்: "வந்தவன் என்னென்ன பண்ணினான்? ஒண்ணுவிடாமச் சொல்லுங்க."

கடைக்காரர் யோசித்து யோசித்துச் சொன்னார். நல்ல உயரம். காதோரம் நரைத்திருந்தது. ஆள் இளைத்தெல்லாம் இல்லை. டீயில் சர்க்கரை தூக்கலாகப் போடச் சொன்னார். கிளம்புவதற்கு முன்னால் மறுபடியும் சுவர்கிட்டப் போனார்.

"அந்த வலப்பக்கத்து மயிலு இருக்குதில்லைங்களா, அதோட கண்ணு இருக்கற எடத்துல வெரலை வெச்சுத் தடவிட்டே நின்னாருங்க."

அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். தம்பிக்கு ஐந்து வயதில் அந்த மயிலைப் பார்த்தால் பயமாம். ராத்திரி முறைத்துப் பார்க்கிறது என்று அழுவானாம். ஒருநாள் யாருக்கும் தெரியாமல் முக்காலியில் ஏறி ஆணியால் கண்ணைச் சுரண்டிவிட்டான். அவனுக்கு அப்பாவிடம் அடி விழாமல் இருக்க, தானே சுரண்டியதாக அக்கா ஏற்றுக்கொண்டாராம். இது அந்த வீட்டில் இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

"அவன்தான்" என்றார். "அவனேதான்."

நான் உடைந்துவிட்டேன். அதுவரைக்கும் வேறு யாராவது இருக்கலாம் என்று ஒரு மூலையில் வேண்டிக்கொண்டிருந்தேன். "என்னாலதானுங்களே..." என்று ஆரம்பித்தவள் முடிக்கவில்லை. அவர் என் கையைப் பிடித்தார். கன்னமெல்லாம் கண்ணீர். ஆனால் அந்த முகம் சிரித்துக்கொண்டிருந்தது.

"அழுவாதீங்க அம்மிணி. உசுரோட இருக்கறானா இல்லையான்னே தெரியாம இத்தனை வருசம் கெடந்தேன். நீங்க வந்து சொல்லாட்டி எனக்குத் தெரிஞ்சிருக்குமா? வந்தான் பாருங்க. கோவம் போயித்தான வந்திருக்கறான்? ஒருக்கா வந்தவன் இன்னொருக்கா வரமாட்டானா?"

அன்றைக்கே பக்கத்துப் பட்டறையிலிருந்து கடைக்காரர் கறுப்புப் பெயிண்டும் தூரிகையும் வாங்கிவந்தார். அந்த அம்மா சொல்ல, நான் எழுதினேன். மயிலை விட்டுத் தள்ளி எழுதலாமா என்று கேட்டார்கள். வேண்டாம், அவன் கண் போகிற இடம் அதுதான் என்று சொல்லி, மயில்களின் மேலேயே எழுதினேன்.  'வந்துரு சாமி' என்ற எழுத்துகள் மட்டும் கோணலாகவே இருந்தன.

அதற்கு அடுத்த வருடம் அந்தச் சுவரையும் இடித்துவிட்டார்கள். கடைக்காரர் அதே வரிகளைத் தன் கடைப் பலகையில் எழுதிவைத்துக்கொண்டார். சேலத்தில் இருந்தவரை போகும்போதெல்லாம் கேட்பேன். "இன்னும் இல்லைங்க டீச்சர்" என்பார். பிறகு எனக்குக் கல்யாணமாகி வெளியூர் போய்விட்டேன். எண்பதுகளின் கடைசியில் ஒருமுறை போனபோது அந்த இடத்தில் வரிசையாகக் கடைகள் வந்திருந்தன. டீக்கடையைக் காணோம். எருமப்பட்டிக்குப் போட்ட கடிதத்துக்கும் பதில் இல்லை. தம்பி வந்து அக்காவைக் கூட்டிக்கொண்டு போயிருப்பான், அதனால்தான் பதில் இல்லை என்று நானாக நினைத்துக்கொள்வேன்.

பழைய வீடுகளைப் படமெடுக்கும் பழக்கம் மட்டும் என்னை விடவில்லை. ஆனால் இடிந்த சுவர் ஒன்றின் முன்னால் கேமராவைத் தூக்கும்போதெல்லாம், யாரோ திரும்பி வருகிற வழியை மறித்துக்கொண்டு நிற்கிறேனோ என்று தோன்றும். ஒரு நிமிடம் தள்ளி நின்று, அந்தச் சுவரில் இருக்கிற எல்லாவற்றையும் முதலில் வாசித்துவிடுகிறேன்.