இடுப்பு வலியும் இடைக்காலத் தடையும்

காசிமேட்டிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்துகொண்டிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாளிடமிருந்து வலித் தைலம் குப்பென்று மணந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த அம்மாள் முறைத்தார். அந்த வாசனை வந்தாலே எனக்கு அரசியல் சட்டம் ஞாபகம் வருகிறது என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது?

உங்களிடம் சொல்லலாம். அப்போது நான் திருவொற்றியூரில் ஓர் அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளர். வீடு ராயபுரத்தில். மனைவி ஸ்டெல்லாவுக்கு ஒன்பதாம் மாதம். முதல் பிள்ளை, அவளுக்குத் தாயும் இல்லை. அந்த நேரம் பார்த்து என்னைக் கூடலூருக்கு மாற்றி ஆணை வந்தது. காரணம், ‘நிர்வாக நலன்’. இந்த இரண்டு சொற்களுக்குள் யானையையே ஒளித்து வைக்கலாம். பிள்ளை பிறக்கும்போது நான் எங்கோ மலையில் இருப்பேனே என்று பயமாக இருந்தது.

வக்கீல் நிதானமாகச் சொன்னார். "திங்கட்கிழமை தீர்ப்பாயத்துல தடை கேட்கலாம். அதுவரைக்கும் விடுவிப்பு ஆணையைக் கையில வாங்கிடாதீங்க. வாங்கிட்டா கதை முடிஞ்சுது."

இங்கே உன் வேலை முடிந்தது, கிளம்பு என்று சொல்கிற காகிதம்தான் விடுவிப்பு ஆணை. அதிலிருந்து தப்ப அன்றைய அரசு ஊழியர் எல்லோருக்கும் தெரிந்த கைவைத்தியம் மருத்துவ விடுப்பு. இடுப்பு வலி என்று எழுதிக் கொடுத்துவிட்டு, வருகிறவர்கள் நம்பட்டுமே என்று வாசல்வரை மணக்கத் தைலம் தடவிக்கொண்டு படுத்தேன். ஸ்டெல்லாதான் பாவம், வாந்தி எடுத்தாள்.

தீர்ப்பாயம் எங்களுக்கென்றே வந்தது. அரசு ஊழியர் வழக்குகள் உயர் நீதிமன்றத்தில் மலையாகக் குவிந்ததால், அரசியல் சட்டத்தையே திருத்தித் தனியாக அமைத்தார்கள். நீதிபதிக்குப் பக்கத்தில் ஓய்வு பெற்ற அதிகாரி ஒருவரும் உட்காருவார். பாம்பின் கால் பாம்பறியும் அல்லவா?

ஞாயிற்றுக்கிழமை மாதா திருவிழா. சப்பரம் தூக்குவதில் எங்கள் வீட்டுக்கென்று ஓர் இடம் உண்டு. இடுப்பு வலி அலுவலகத்துக்குத்தானே, மாதாவுக்கு இல்லையே என்று போய்த் தோள் கொடுத்தேன். பாதித் தெரு போனதும் முன்னால் இருந்தவர் விலக, அங்கே தோள் நுழைத்தவரைப் பார்த்து எனக்கு வியர்த்துவிட்டது. ஆறுமுகம் அண்ணன்! எங்கள் அலுவலக உதவியாளர், கொருக்குப்பேட்டைக்காரர். மூன்று நாளாக ஆணையும் கையுமாக என்னைத் தேடியவர்.

"இன்னா நைனா, இடுப்பு நல்லா கீதா?"

"அண்ணே..."

"ஆர்டர் ஜோப்புல கீது. ரெண்டு கையும் மாதாவாண்ட கீது. எப்டி குடுக்கறது, சொல்லு?" சப்பரத்தின் கட்டையைத் தோளில் சரிசெய்துகொண்டார். "எறக்கி வச்சதும் நான் கண்ண மூடி கும்புட்டுகினு இருப்பேன். தொறக்கசொல்ல நீ இங்க இருக்கக் கூடாது."

இருக்கவில்லை. மறுநாள் காலை, ‘தேடியும் ஆள் அகப்படவில்லை’ என்று எழுதிக் கொடுத்தார்.

ஆனால் வேறு எந்தப் புண்ணியவானோ போட்டுக் கொடுத்துவிட்டான். தீர்ப்பாயத்தில் எங்கள் வழக்கு வந்தது. "மனுதாரர் நேற்று சப்பரம் தூக்கியிருக்கிறார்" என்றார் அரசு வக்கீல். என் வக்கீல் திரும்பிப் பார்த்த பார்வையில் நான் பாதியாகிவிட்டேன். ஓய்வு பெற்ற அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார்.

"எத்தனை பேர் தூக்கினீங்க?"

"பதினாறு பேருங்க ஐயா."

"அப்போ பதினாறுல ஒரு பங்கு பொய்." எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்காமல் அரசு வக்கீல் பக்கம் திரும்பினார். "நிர்வாக நலன்னு நானும் முப்பது வருஷம் எழுதினவன். ஃபைலைக் குடுங்க."

அடுத்த பக்கத்திலேயே யானை நின்றது. என் நாற்காலியில் மேலதிகாரியின் மைத்துனரை அமர்த்தும் ஆணை, அதே தேதியில். தடை கிடைத்தது. எட்டாம் நாள் மகள் பிறந்தாள். நர்சம்மாவிடமிருந்து முதலில் கையில் வாங்கியது நான்தான்.

பிறகு, தீர்ப்பாயமும் உயர் நீதிமன்றத்துக்குக் கட்டுப்பட்டதுதான் என்று டெல்லியில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. இங்கே முடிந்த வழக்குகள் மறுபடி அங்கே ஏறின. அப்புறம் எதற்கு இரண்டு படி என்று நினைத்தார்களோ என்னவோ, தீர்ப்பாயத்தையே எடுத்துவிட்டார்கள். ஆறுமுகம் அண்ணன் ஓய்வு பெற்றார். அவர் பணியிடத்தையும் ரத்து செய்தார்கள்.

இப்போது மாறுதலும் விடுவிப்பும் ஒரே நொடியில் கைபேசிக்கு வந்துவிடுகின்றன. சுத்தம், வேகம், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கைபேசிக்குக் கண்ணை மூடிக் கும்பிடத் தெரியாது.