கப்பல் பயணத்துக்கு ஒரு பிணை

கனகராயன்குளத்தில் அந்த ரெலிபோன் கடைக்குள் போனாலே ஜெனரேற்றர் புகை மூக்கில் ஏறும். பிரான்ஸில் இருந்து அண்ணா எடுப்பதாகச் சொன்ன நாட்களில் அந்தப் புகைக்குள்தான் நானும் இவரும் மகளும் ஒரே வாங்கில் நெருக்கிக்கொண்டு இருப்போம்.

2006 ஆம் ஆண்டு. சமாதான காலம் என்றுதான் இன்னும் சொல்லிக்கொண்டிருந்தார்கள்... சண்டை வரப்போகுது என்று சனம் ஒருபக்கம் குசுகுசுத்தது.

அண்ணாவிடம் இருந்தது அகதிப் பாஸ்போட். எங்கேயும் போகலாம், இலங்கைக்கு மட்டும் வரமுடியாது. அம்மாவின் செத்தவீட்டுக்கும் அவர் வரவில்லை. மிஞ்சியிருந்த சகோதரம் நான் ஒருத்திதான்.

"தங்கச்சி, நான் அங்க வரேலாது. நீங்கள் மூண்டுபேரும் இஞ்ச வாங்கோ. மத்தியதரைக் கடல்ல ஒரு கிழமை கப்பல்ல போவம். எல்லாம் நான் பாக்கிறன்" என்றார்.

எனக்குத் தெரிந்தது முல்லைத்தீவு வள்ளம்தான். அண்ணா சொன்ன கப்பல் ஒரு ஊர் மாதிரி இருந்தது. காலையில் ஒரு கரையில் நிற்குமாம். இறங்கி, பஸ்ஸில் போய், இடிந்த பழைய கோயில்கள், கோட்டைகள் பார்த்துவிட்டுப் பின்னேரம் திரும்ப ஏறவேண்டுமாம். பிந்தினால் கப்பல் விட்டுவிட்டுப் போய்விடுமாம்.

அதிலேயே எனக்குப் பயம் பிடித்துவிட்டது. பாஷை தெரியாத ஊரில் பிள்ளையோடு நின்றுவிட்டால்?

இவர் சைக்கிள் திருத்துகிறவர். கை வேலை செய்தாலும் வாய் சும்மா இராது. ரெலிபோனை என்னிடமிருந்து வாங்கினார்.

"இடிஞ்ச கட்டடம் பாக்க அவ்வளவு தூரம் வரவேணுமோ மச்சான்? கிளிநொச்சிக்குப் போனாக் காணுமே!"

அண்ணா சிரித்தது பக்கத்தில் இருந்த எனக்கும் கேட்டது.

பிறகு அண்ணாவின் மனைவி, என் மச்சாள் கதைத்தா. இரவுச் சாப்பாட்டுக்கு ஒவ்வொருநாளும் ஒவ்வொரு விதமாக உடுக்கவேண்டுமாம். ஒருநாள் கடற்கொள்ளைக்காரர் வேஷம். ஒருநாள் ராசா ராணி. ஒருநாள் எல்லாரும் முழு வெள்ளை.

"கட்டின மனுசன் குத்துக்கல்லு மாதிரி இருக்கேக்க நான் வெள்ளை உடுக்கிறதோ? என்ன கதை மச்சாள் இது?"

"ஐயோ, இஞ்ச அது வடிவுக்கு உடுக்கிறது."

இவர் என் காதுக்குள் சொன்னார். "அண்டைக்கு முழுக்க நான் உம்மட பக்கத்தில ஒட்டிக்கொண்டு நிக்கிறன். பாக்கிற சனத்துக்குச் சந்தேகம் வராது."

நுள்ளிவிட்டேன். ஆனாலும் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஒரே யோசனை... கப்பல் ஆடினால் சத்தி வருமோ. வெள்ளிக்கிழமை மரக்கறி கிடைக்குமோ. மகளுக்கு அப்போது ஆறு வயது, அந்தக் காற்று ஒத்துவருமோ.

உண்மையான சிக்கல் கப்பலில் இல்லை. வன்னியை விட்டு வெளியே போவதில்தான்.

அந்த நாளில் வெளியே போவதென்றால் இயக்கத்திடம் பாஸ் எடுக்கவேண்டும். போனவர் திரும்பி வருவார் என்று ஒருவர் உள்ளே பிணை நிற்கவேண்டும். குடும்பம் முழுக்க ஒன்றாகக் கேட்டால் கிடைக்காது. குடும்பமாகக் கப்பல் ஏறத்தான் இவ்வளவு ஆயத்தம்... அதற்கு முதல் குடும்பத்தை இரண்டாகப் பிரிக்கவேண்டி வந்தது.

இவர் லேசாகச் சொன்னார். "நீரும் பிள்ளையும் முதல்ல கொழும்புக்குப் போய் பாஸ்போட் எடுத்துக்கொண்டு வாரும். நான் பிணை நிக்கிறன். பிறகு நீர் பிணை நில்லும், நான் போய் எடுக்கிறன்."

"பிறகு மூண்டுபேரும் ஒண்டா வெளிக்கிடுறது எப்பிடியப்பா?"

"அப்ப ஆரையாவது கெஞ்சிப் பிடிப்பம். முதல்ல பாஸ்போட்டைக் கொண்டுவந்து காட்டும் பாப்பம்."

பாதைக்கு வெளியே, ஆமிப் பக்கம் இருந்த நெளுக்குளத்தில் சின்னம்மா வீட்டில் தங்கிக்கொண்டு நானும் மகளும் கொழும்புக்குப் போய்வந்தோம். பாஸ்போட் கிடைத்தது. திரும்பிப் போக வெளிக்கிடும் நேரம் சண்டை தொடங்கி, பாதை பூட்டுப்பட்டது.

பிறகு ஒருநாள் திறப்பார்கள், ஒருநாள் பூட்டுவார்கள். திறந்த நேரம் பார்த்து உள்ளே வரப்போகிறேன் என்று ரெலிபோனில் அழுதேன்.

"விசர்க்கதை கதையாதையும். உள்ளுக்கு வரலாம். பிறகு ஆர் வெளியில விடுறது? பிள்ளையோட அங்கயே நில்லும்."

"நாங்கள் திரும்பி வராட்டி உங்களைப் பிடிச்சுக் கேக்கமாட்டினமோ?"

"கேட்டா, மனுசி கப்பலுக்குப் போட்டா எண்டு சொல்லுறன்."

அண்ணா பயணத்தை அடுத்த வருஷத்துக்குத் தள்ளினார். பிறகு அதற்கும் அடுத்த வருஷத்துக்கு. இவர் இடைக்கிடை எடுக்கும்போதெல்லாம் மகளிடம், "என்ன வேஷம் போடப்போறியள் குஞ்சு?" என்று கேட்பார். 2008 இல் அந்தக் குரல் வருவதும் நின்றுபோனது.

2009 இல் சனம் வெளியே வந்தது. அவர்களை அடைத்துவைத்த முகாமின் முள்ளுக்கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். எங்கள் ஊர்க்காரர் ஒருவர் என்னைக் கண்டு கம்பிக்குக் கிட்ட வந்தார்.

"பிள்ளை, இனிப் பாத்துக்கொண்டு நிக்காதை அம்மா... கடற்கரையில செல் விழுந்து வெடிக்கேக்க அவருக்குப் பட்டுட்டுது. நாங்கள்தான் மண் போட்டனாங்கள்."

அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. கேட்கவும் பலம் இருக்கவில்லை.

இதை இப்போது இங்கே எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. போன கிழமை அண்ணா வட்ஸ்அப்பில் முகம் பார்த்துக் கதைத்தார். நல்லாய் நரைத்துவிட்டார்.

"தங்கச்சி, இப்ப பாஸும் இல்லை, பிணையும் இல்லை. இந்த முறையாவது பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாவன்."

மகள் வேலைக்குப் போகிற பெண் இப்போது. என் முகத்தையே பார்த்தாள். ஓம் என்று சொல்லிவிட்டேன்.

இப்போது எல்லாம் சுகம்தான். கப்பலின் உள்பக்கம் முழுக்க மகள் போனிலேயே காட்டுகிறாள்... அறை, படுக்கை, சாப்பாட்டு மேசை. பஸ் எத்தனை மணிக்குத் திரும்பும் என்பதுகூட அதில் இருக்கிறதாம்.

பயம் மட்டும் போகவில்லை. சொன்னால், "ஒண்டும் நடக்காது அம்மா" என்று கையைப் பிடிக்கிறாள். நல்ல பிள்ளை.

ஆனால் அந்த நாளில் நான் பயந்து பயந்து சொல்ல, அதையெல்லாம் பகிடி பண்ண ஒருவர் இருந்தார். யாராவது ஒருக்கால் என்னைப் பார்த்துச் சிரித்தால் காணும்... துணிந்து ஏறிவிடுவேன் போல இருக்கிறது.