நாற்பது நாளில் ஒரு நெஞ்சு

குளத்தில் இறங்கச் சட்டையைக் கழற்றியதும் மாமா மகன் என் மார்பைப் பார்த்தான். "டேய், பொம்பளைக படித்துறை அங்கிட்டு இருக்கு. இங்கிட்டு எதுக்கு வந்தே?" கரையிலிருந்த பையன்கள் எல்லோரும் சிரித்தார்கள். தண்ணீர் அந்த வருஷம் இடுப்பளவுதான். உட்கார்ந்தால்தான் மார்பு மறையும். உட்கார்ந்தேன். அப்படி உட்கார்ந்திருந்தபோதுதான் யோசனை பிறந்தது. இந்தச் சதையைக் கரைக்க வேண்டும். அந்த இடத்தில் கல் மாதிரி நெஞ்சு வர வேண்டும்.

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. எங்கள் ஊரில் பதினான்கு வயதான பையன்கள் ஈஸ்டரான பாஸ்குத் திருவிழாவில் உயிர்த்த ஆண்டவர் சப்பரத்துக்குத் தோள் கொடுக்க வேண்டும். சட்டை கூடாது. துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, ஊர் பார்க்க நான்கு தெருவும் சுற்ற வேண்டும். எனக்கு அந்த வருஷம் பதினான்கு. மறுநாள் பாஸ்குக்கு முந்திய நோன்பான தவசுகாலம் தொடங்குகிறது. நாற்பது நாள் கையில் இருந்தது.

பள்ளிக்கூடத்தில் ஒரு தேகப்பயிற்சிப் புத்தகம் இருந்தது. படங்களைக் கரையான் தின்றிருந்தது. ஆகவே நானே ஆராய்ந்தேன். எங்கள் வீட்டில் துளி ஊளைச்சதை இல்லாத உடம்பு யாருடையது? அம்மாவுடையது. கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருக்கும், கையில் நரம்பு கயிறு மாதிரி ஓடும். அவள் செய்கிற பயிற்சி என்ன? உலக்கை பிடித்து வரகு குத்துகிறாள். ஆக, வழி உலக்கைதான்! விஞ்ஞானி ஆகிவிட்ட பூரிப்பு எனக்கு.

அடுத்தது சாப்பாடு. கொழுப்பு சோற்றிலிருந்துதானே வருகிறது? சும்மா குறைத்தால் அம்மா விடமாட்டாள். தவசு தொடங்கிய விபூதிப் புதனன்று கோயிலிலிருந்து வந்ததும், "நாப்பது நாளும் ஒருசந்தி இருக்கப் போறேம்மா" என்றேன். நாளைக்கு ஒரே வேளைச் சாப்பாடு. பிள்ளைகளுக்கு அது கட்டாயமில்லை. தடுத்தால் சொல்வதற்குப் பதில்கள் தயார் செய்திருந்தேன். அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு தங்கச்சியின் தட்டைப் பார்த்தாள். "சரிய்யா, சாமிக்குத்தானே" என்று சொல்லி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். இவ்வளவு சுலபமாக ஏமாந்துவிட்டாளே என்று எனக்கு ஒரே குஷி.

மூன்றாவது வருஷமாக மழை பொய்த்திருந்தது. இலங்கைக்குப் போன அப்பாவிடமிருந்து கிறிஸ்துமஸுக்கு முன்னால் வந்த கடிதம்தான் கடைசி. இதெல்லாம் எனக்குத் தெரியாமல் இல்லை. பூகோளப் பாடம் தெரிந்த மாதிரி தெரியும்.

பள்ளிக்கூடம் விட்டதும் உலக்கை. நூறு குத்து, இருநூறு குத்து. உள்ளங்கை கொப்புளித்தது. "குடுய்யா, போதும்" என்று வரும் அம்மாவை, "நீ போம்மா" என்று துரத்துவேன். நான்காவது வாரம் உரலில் போட வரகு இல்லை. உலக்கையைச் சாத்திவிட்டு முழித்துக்கொண்டு நின்றேன். அம்மாவே ஒரு கை உமியை அள்ளிப் போட்டாள். "குத்துய்யா. நாலு வீட்டுக்குச் சத்தம் கேக்கட்டும்."

என் பயிற்சியில் அவளுக்கும் அக்கறை வந்துவிட்டது என்று நினைத்து, இன்னும் ஓங்கிக் குத்தினேன்.

விலா எலும்பை எண்ணலாம் போல ஆயிற்று. கை குச்சியாகிவிட்டது. மார்பிலிருந்த மேடு இரண்டும் மட்டும் அசையவில்லை.

பாஸ்கு அன்று சட்டையில்லாமல் சப்பரத்துக்குத் தோள் கொடுத்தேன். முன்னால் நின்ற மாமா மகன் திரும்பிப் பார்த்து, "ஆளு காஞ்சுட்ட, அது மட்டும் காயலையேடா" என்றான். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன். இரண்டாம் தெரு முனையில் கண் இருட்டியது.

விழித்தபோது என் தலை அம்மா மடியில் இருந்தது. "நாப்பது நாள் ஒருசந்தி கெடந்த புள்ள" என்று சுற்றி நின்ற பெண்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். அம்மா மட்டும், "நாந்தான் சாப்புடுன்னு சொல்லாம விட்டேன், நாந்தான் விட்டேன்" என்று அழுதுகொண்டிருந்தாள். தப்பு என் பயிற்சி முறையில் இருக்க, இவள் எதற்கு அழுகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை.

கூட்டத்திலிருந்த எங்கள் டிரில் மாஸ்டர் குனிந்து என் கையைப் பிடித்துப் பார்த்தார். அவரிடம் மெதுவாக உண்மையைச் சொன்னேன்.

"கிறுக்குப் பயலே! பட்டினி கெடந்தா கையில காலுல இருக்கிறதும் போயிரும்டா. இந்த வயசுல மாரு கொஞ்சம் வீங்கும், பெறகு தானா வத்தும். நெஞ்சு ஏறணும்னா மொதல்ல திங்கணும். முட்டை, பாலு, பயறு. நல்லாத் தின்னுட்டுத் தண்டால் எடு."

அம்மாவும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

எனக்குப் புது உயிர் வந்தது. எழுந்து நடந்தேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தாள். தெரு முடிவதற்குள் அடுத்த திட்டம் தயாராகிவிட்டது. நாளைக் காலையிலிருந்து தினம் இரண்டு முட்டை, ஒரு செம்பு பால். அம்மாவிடம் வழியிலேயே கேட்டுவிடலாமா, வீட்டுக்குப் போய்க் கேட்கலாமா என்பது ஒன்றுதான் முடிவாகவில்லை.