வீட்டில் விழுந்ததாகச் சொன்னோம்

இந்த ஊரில் தினமும் காலை ஏழரை மணிக்கு, யாருக்கும் அடிபடாமல் போனதற்காகக் கூட்டம் போடுகிறார்கள். ஆஸ்திரேலியாவின் தெற்கே ஒரு திராட்சைத் தோட்டம். குளிரில் கொடி வெட்டும் காலம். கத்தரியைத் தொடுவதற்கு முன் நாங்கள் பதினோரு பேரும் வட்டமாக நிற்க வேண்டும். சூப்பர்வைசர் ஜூலி ஒரு வெள்ளைப் பலகையை டிராக்டரில் சாய்த்து வைத்துக்கொண்டு, "நேற்று யாருக்காவது ஏதாவது ஆகப் பார்த்ததா?" என்று கேட்பார். ஒருவன் பள்ளத்தில் கால் மடங்கப் பார்த்தது என்பான். இன்னொருத்தி கம்பி தெறித்துக் கண்ணோரம் போனது என்பாள். எல்லோரும் கை தட்டுவார்கள். இதற்கு 'நியர் மிஸ்' என்று பெயர். தேதி, இடம், நடந்தது என்று மூன்று கட்டத்தில் எழுதி, கோளாறைச் சரிசெய்த பிறகுதான் அந்த வரியை ஜூலி அழிப்பார். முதல் வாரம் எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அட சாமி, விழாததற்கெல்லாம் கை தட்டுவதென்றால் எங்கள் கூடலூரில் நாள் முழுக்கத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டுமே!

கம்பம் பள்ளத்தாக்கைத் தெரிந்தவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கூடலூரில் விடியும் முன்பே பெண்கள் தூக்குச்சட்டியோடு ரோட்டோரம் நிற்பார்கள். பத்துப் பேர் ஏற வேண்டிய ஜீப்பில் இருபது பேர் ஏறி, குமுளி மலையைத் தாண்டிக் கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குக் காய் எடுக்கப் போவார்கள். என் அக்கா செல்வம் இருபது வருடமாக அப்படிப் போகிறவள். பின்பக்கம் தொற்றிக்கொண்டு நிற்பவளின் முந்தானையை உள்ளே உட்கார்ந்திருப்பவள் பிடித்துக்கொள்வாள். எங்கள் ஊர் சீட் பெல்ட் அதுதான். நான் இங்கே கூட்டத்தைப் பார்த்துச் சிரித்ததில் என்ன தப்பு?

இரண்டு மாதம் முன்பு என் இடதுகை ஆள்காட்டி விரலில் பேட்டரிக் கத்தரி ஏறிவிட்டது. நான் என்ன செய்தேன் தெரியுமா? கைக்குட்டையைச் சுற்றி, மேலே கையுறையை மாட்டி, சாயங்காலம் வரை வெட்டினேன். பிறகு டாக்டரிடம் போய், வீட்டில் வெங்காயம் நறுக்கும்போது பட்டுவிட்டது என்றேன். அவர் தையல் போட்டுக்கொண்டே, "பெரிய வெங்காயமாக இருந்திருக்கும்" என்றார். அப்படியே எழுதியும் வைத்தார். ஏன் பொய் சொன்னாய் என்று நம் ஊரில் ஒருவரும் கேட்க மாட்டார்கள். ஜூலி தங்கமான மனுஷி. வேலைக்குச் சேர்ந்த அன்று நான் நடுங்குவதைப் பார்த்துத் தன் மழைக்கோட்டையே கழற்றிக் கொடுத்தவர். அவர் மேற்பார்க்கும் வேலையில் எனக்கு ரத்தம் வந்தது என்று எழுத்தில் கொடுப்பதா? நல்ல மனிதர்களுக்கு அப்படிச் செய்து எங்களுக்குப் பழக்கமில்லை.

மூன்றாம் நாள் ரத்தம் காய்ந்த கையுறையை ஜூலி கண்டெடுத்துவிட்டார். அதைக் கையில் வைத்துக்கொண்டு, "உனக்கு என்னிடம் பயமா?" என்று கேட்டார்.

"இல்லை. நீங்கள் நல்லவர். அதனால்தான் சொல்லவில்லை."

அவருக்குப் புரியவில்லை. அதையே இன்னும் சத்தமாகச் சொன்னேன், சத்தம் போட்டால் என் ஆங்கிலம் தெளிந்துவிடும் என்பதுபோல. அவர் கண் கலங்கிவிட்டது. "நான் நல்லவள் என்றால் என்னிடம்தானே முதலில் சொல்லியிருக்க வேண்டும்? அந்தக் கத்தரியின் பூட்டு வேலை செய்யவில்லை. நேற்று முழுக்க அதை மரியா வைத்திருந்தாள்." மரியா என் பக்கத்து வரிசையில் வெட்டுகிறவள், ஐந்து மாதக் கர்ப்பிணி.

ஜூலியே காரில் ஏற்றிக்கொண்டு டாக்டரிடம் போனார். எழுதியதை மாற்றினால்தான் கை சரியாகும்வரை சம்பளத்தோடு ஓய்வு கிடைக்குமாம். வழியெல்லாம் எனக்கு அக்காவின் கைதான் கண்முன் நின்றது. பன்னிரண்டு வருடம் முன்பு ஏலத்தோட்டத்துச் சரிவில் அவள் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. கம்பத்தில் ஓர் ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப் போனேன். முதலாளி ஆப்பிளும் பிஸ்கட்டுமாக ஓடி வந்து வாசலிலேயே நின்றார். பொய் சொல்லச் சொல்லி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எப்படி விழுந்தாய் என்று டாக்டர் கேட்டதும் அக்கா வாயைத் திறந்தாள். அதற்குள் நான், "வீட்டு வாசல்ல வழுக்கி விழுந்துட்டா சார்" என்றேன். அக்கா என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, "ஆமா சார்" என்றாள். வேலையில் அடிபட்டால் நட்டஈடு கேட்கச் சட்டம் அப்போதும் இருந்தது. ஆனால் ஆஸ்பத்திரிச் சீட்டில் வீட்டு வாசல் என்று இருந்தால் சட்டம் என்ன செய்யும்? உட்கார்ந்து சாப்பிட வழியில்லாமல் கட்டுப் பிரிக்கும் முன்பே அவள் மலையேறினாள். கை கோணலாகவே கூடிவிட்டது.

இங்கே டாக்டர் வெங்காயத்தை அடித்துவிட்டுக் கத்தரி என்று எழுதினார். ஓய்வு முடிந்து வேலைக்குத் திரும்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அக்காவுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன்.

"அய்யய்யோ, அந்தம்மாவக் காட்டிக் குடுத்துட்டியாடா? கோவிச்சுக்கிட்டாகளா?"

"இல்லக்கா. அவகதான் கூட்டிக்கிட்டே போனாக."

பிறகு, "அன்னைக்கு நானும் நெசத்தச் சொல்லத்தான் வாயெடுத்தேன் தம்பி. நீ முந்திக்கிட்ட" என்றாள். குரலில் கோபமே இல்லை. அதுதான் தாங்கவில்லை. அடுப்படியில் நின்றபடியே அழுதுவிட்டேன். "மன்னிச்சிரு, அக்கா" என்றேன்.

"ஏலே, அழுகாத. மொதலாளி அங்கன ஆப்பிளோட நிக்கிறாக, நீ சின்னப்பய, என்னத்தச் செய்வ? சோறு வடிச்சியா?" அப்புறம் சிரித்துக்கொண்டே, "விழாததெல்லாம் போர்டுல எழுதுவாகன்னியே, எங்களதச் சொன்னா எழுதுவாகளா?" என்றாள்.

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன். மறுநாள் நாங்கள் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது, அங்கே தோட்டத்தில் இறங்கிய கையோடு அவள் போனில் பேசி அனுப்பியது வந்தது. "தம்பி, இன்னைக்கு ஜீப்புல இருவத்தோரு பேரு. பின்கதவுக்குக் கொண்டி இல்ல, கயித்தக் கட்டிருக்கான். வளைவுல கயிறு அவுந்து பாண்டியம்மா கீழ போகப் பாத்தா. நாந்தான் முந்தானையப் புடிச்சு இழுத்தேன், இந்தக் கோணக்கையாலயே. எழுதச் சொல்லு."

அடுத்த நாள் காலை ஜூலி வழக்கம்போல் கேட்டார். நான் கையைத் தூக்கினேன். இங்கே இல்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டு, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் ஜீப்பையும் கயிற்றையும் பாண்டியம்மாவையும் சொன்னேன். யாரும் கை தட்டவில்லை. மரியா வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டாள். ஜூலி தேதியை எழுதினார், நடந்ததை எழுதினார். பிறகு பேனாவோடு திரும்பி, "இடம்?" என்றார். ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னேன். பலகையில் பதினான்காம் வரிசைப் பள்ளத்துக்கும் ஷெட்டின் இருட்டுப் பின்வாசலுக்கும் நடுவில் காலியாக இருந்த வரியில் கூடலூர் வந்து உட்கார்ந்தது.

படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன். ஜீப்பில் எல்லோருக்கும் காட்டினாளாம். டிரைவரிடமும் காட்டினாளாம், அவன் சிரித்தானாம். சாயங்காலம் அவளே கூப்பிட்டாள். "எழுதிட்டாக, சரி. கொண்டிய எப்ப மாட்டுவாகளாம்?"

பின்வாசலுக்கு அந்த வாரமே விளக்கு வந்தது. பதினான்காம் வரிசைப் பள்ளத்தை மண் போட்டு மூடினார்கள். இரண்டு வரியையும் ஜூலி துடைத்துவிட்டார். பலகையைத் துடைக்கும்போது கூடலூரைச் சுற்றித் துணி போகிறது, அந்த வரிமேல் படுவதில்லை. தினமும் காலை ஏழரைக்கு அதன் எதிரில்தான் நிற்கிறேன். அங்கே ஊரில் அப்போது இருட்டுதான், ஜீப் கிளம்ப இன்னும் மூன்று மணி நேரம் இருக்கும்.